முடி கொட்டுதா? அடுத்த எண்ணெய் பாட்டில் வாங்கும் முன்னால் இதைப் படியுங்கள்

எனக்கு வழுக்கை விழுகிறது என்று முதலில் சொன்னவர் டாக்டர் இல்லை, சலூன்காரர். முடி வெட்டி முடித்ததும் தலைக்குப் பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவார்களே, அந்த நேரத்தில் "தம்பி, உச்சியில கொஞ்சம் லேசாகுது, பாத்துக்கங்க" என்றார். அப்போது எனக்கு 26 வயது. நானும் பார்த்துக்கொண்டேன், என் பாணியில். எண்ணெயை மாற்றினேன், ஷாம்பை மாற்றினேன், வாடகை வீட்டு போர்த் தண்ணீரைத் திட்டினேன், "ஒரு மொட்டை போடு, கருகருன்னு வளரும்" என்று அத்தை சொன்னதால் பழனிக்குப் போய் மொட்டையும் போட்டுவிட்டு வந்தேன். முருகன் மேல் தப்பில்லை, அதே இடத்தில் அதே லேசான முடிதான் திரும்ப வளர்ந்தது. இப்படியே இரண்டு வருடம் ஓடிய பிறகுதான் தோல் டாக்டரிடம் போனேன். அவர் லென்ஸை வைத்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "ஏன் இவ்வளவு லேட்டு?"

அந்தக் கேள்வியை நீங்களும் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஏழு வருடமாக மருந்து போடுகிறேன், நடுவில் ஒரு கிளினிக்கில் ஏமாந்திருக்கிறேன், சித்தி பையனிலிருந்து ஆபீஸ் நண்பர்கள் வரை நாலைந்து பேரை டாக்டரிடம் இழுத்துப் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்வது.

முதல் படி: கொட்டுவது நிஜமாகவே அதிகமா?

தலையில் சராசரியாக ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடியும் இரண்டிலிருந்து ஆறு வருடம் வரை வளரும், மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர். அப்புறம் இரண்டு மூன்று வாரம் சுருங்கி, ஒரு மூன்று மாதம் சும்மா உட்கார்ந்திருந்து, பிறகு உதிரும். அதே குழியில் அடுத்தது முளைக்கும். இந்தச் சுழற்சியில் தினமும் 50 முதல் 100 முடி கொட்டுவது எல்லாருக்கும் நடப்பதுதான். வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் தலைக்குக் குளிப்பவர்களுக்கு மூன்று நாள் முடி ஒரே நாளில் வந்து ஜலதாரையை அடைக்கும், உடனே "இன்னிக்கு கொத்து கொத்தா போச்சு" என்று அலற வேண்டாம்.

இன்னொரு பயம், "வேரோட வருது" என்பது. கொட்டிய முடியின் நுனியில் வெள்ளையாகக் கடுகை விடச் சின்னதாக ஒரு குமிழ் இருக்கும். அது வேர் இல்லை. ஓய்வுக்காலம் முடிந்து இயல்பாக உதிர்ந்த முடி என்பதற்கு அடையாளம் அது. முடி முளைக்கும் குழி தோலுக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. தலைக்குக் குளித்து ஒரு நாள் ஆன பிறகு, 50, 60 முடியை விரல்களுக்கு நடுவில் சேர்த்துப் பிடித்து, வலிக்காத அளவுக்கு மெதுவாக நுனி வரை இழுங்கள். இரண்டு மூன்று வந்தால் பரவாயில்லை. தலையில் நாலு இடத்தில் இழுத்து ஒவ்வொரு தடவையும் ஆறுக்கு மேல் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இதை விட முக்கியம் போட்டோ. ஒரே இடம், ஒரே விளக்கு, காய்ந்த தலை, எண்ணெய் வைக்காமல். நெற்றி, உச்சி, இரண்டு நெற்றிப்பொட்டு. மாதம் ஒரு முறை போதும். தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது, மனம் நொந்ததுதான் மிச்சம். நான் குளியலறை டியூப் லைட்டுக்கு நேர் கீழே ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து எடுப்பேன். வீட்டில் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும்.

இரண்டாம் படி: இது எந்த வகை?

முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் தப்பு செய்கிறோம். "முடி கொட்டுது" என்பது ஒரு நோயின் பேர் இல்லை, "வயித்து வலி" மாதிரி. காரணம் வேறு வேறு, மருந்தும் வேறு வேறு. ஒருத்தருக்குக் கேட்ட எண்ணெய் இன்னொருத்தருக்கு ஏன் கேட்கவில்லை என்பதற்குப் பதில் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது: அவருக்கு அது எண்ணெய் இல்லாமலே சரியாகியிருக்கும்.

ஆண்களுக்கு வருவது பெரும்பாலும் பரம்பரை வழுக்கை. நெற்றி ஓரம் இரண்டும் மேலே ஏறும், உச்சியில் லேசாகும், பிறகு இரண்டும் சேர்ந்து, கடைசியில் காதுக்கு மேலும் பிடரியிலும் மட்டும் லாடம் போல மிஞ்சும். ஹாமில்டன்-நார்வுட் அளவுகோல் என்று இதை ஏழு நிலையாகப் பிரிப்பார்கள். "நார்வுட் 3" என்று டாக்டர் எழுதியிருந்தால் அதுதான் இது. கவனிக்க வேண்டியது, இதில் முடி கொட்டுவது பெரிதாகக் கண்ணுக்குத் தெரியாது, மெலிவதுதான் தெரியும். டெஸ்டோஸ்டிரோன் உடலில் டி.ஹெச்.டி. என்ற இன்னொரு ஹார்மோனாக மாறுகிறது. அதற்கு ஒத்துக்கொள்ளாத குழிகள் ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் சுருங்கி, தடித்த முடி நூலாகி, நூல் பூனைமுடியாகி, கடைசியில் நின்றே போகும். நின்றுபோய்ப் பல வருடம் ஆன குழியை எந்த மருந்தும் எழுப்பாது. மெலிந்துகொண்டிருக்கும் குழியைத்தான் காப்பாற்ற முடியும். டாக்டர் "ஏன் லேட்டு" என்றது இதனால்தான். அப்புறம், வழுக்கை தாய்மாமன் வழியில்தான் வரும் என்பது பாதி உண்மை. அதில் பங்குள்ள ஒரு மரபணு அம்மா தரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆனால் வேறு பல மரபணுக்களும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன, அப்பா பக்கமும் வரும்.

பெண்களுக்கு இதே பரம்பரை மெலிவு வேறு மாதிரி தெரியும். நெற்றிக்கோடு அப்படியே இருக்கும், நடு வகிடு அகலமாகிக்கொண்டே போகும். கூடவே மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி, பரு இருந்தால் சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள்.

அடுத்தது, ஒரேயடியாகத் தலை முழுக்கக் கொட்டுவது. டெங்கு, டைபாய்டு, கோவிட், பெரிய ஆபரேஷன், பிரசவம், பட்டினி டயட், இப்படி உடம்பு ஆட்டம் கண்ட ஏதாவது ஒன்று நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்து ஆரம்பிக்கும். காய்ச்சல் அப்போதே போயிருக்கும், அதனால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை, நேற்று மாற்றிய ஷாம்பைத் திட்டுவார்கள். நம் ஊர்ப் பாட்டிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு தெரியும். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்பார்கள். குழந்தை சிரிப்பதற்கும் முடிக்கும் சம்பந்தமில்லை, ஆனால் காலம் சரியாகப் பொருந்துகிறது. இந்த வகை பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக அடங்கும், குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது பழைய அடர்த்தி ஏறக்குறைய வந்துவிடும். இதற்குப் போய் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு "அந்த எண்ணெய்தான் காப்பாத்துச்சு" என்று சாட்சி சொல்பவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

புழுவெட்டு தனி. காசு வைத்து வட்டம் போட்ட மாதிரி ஒரு இடத்தில் வழவழவென்று முடி போயிருக்கும், தாடியிலும் வரலாம். பேரில் இருக்கிற புழுவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பூச்சி எதுவும் கடிக்கவில்லை. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிக்குழியைத் தாக்குவதால் வருகிறது. சின்ன வட்டம் ஒன்றிரண்டு என்றால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைத்துவிடும். சின்ன வெங்காயத்தைத் தேய்த்து வளர்ந்தது என்பவர்கள் பொய் சொல்லவில்லை, தேய்க்காமலும் வளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதுதான் விஷயம். டாக்டர்கள் வழக்கமாக அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசியைச் சின்னச் சின்னதாகப் போடுவார்கள். தலை முழுவதும், புருவம் வரை போகும் கடுமையான நிலைக்கு பாரிசிட்டினிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2022-ல் அனுமதி கிடைத்தது. அது தோல் டாக்டரின் மேற்பார்வையில், ரத்தப் பரிசோதனைகளோடு எடுக்க வேண்டிய மருந்து.

குழந்தைத் தலையில் செதிலோடு, அரிப்போடு முடி உடைந்து போனால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், வாய்வழி மருந்து வேண்டும், களிம்பு மட்டும் போதாது. இழுத்துக் கட்டிய ஜடையால் நெற்றி ஓரம் போகும் முடி, கட்டுவதைத் தளர்த்தினால் ஆரம்பத்தில் திரும்பி வரும், வருடக்கணக்கில் விட்டால் வராது. கடைசியாக ஒன்று: எரிச்சல், வலி, சிவப்பு, சீழ், முடி போன இடம் தழும்பு மாதிரி மினுமினுப்பது. இப்படி எது இருந்தாலும் இந்த வாரமே டாக்டர். தழும்பாகும் வகையில் போன முடி போனதுதான்.

மூன்றாம் படி: யாரிடம் போவது, என்ன கேட்பது

தோல் நோய் நிபுணரிடம். "ஹேர் எக்ஸ்பர்ட்", "டிரைக்காலஜிஸ்ட்", "கன்சல்டன்ட்" என்று போர்டு போட்டவர்களிடம் போகும் முன், அவர் பதிவு பெற்ற டாக்டரா, தோல் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு முடித்தவரா என்று பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, காலையில் சீட்டு வாங்கி வரிசையில் நிற்கத் தயார் என்றால் காசில்லாமல் பார்த்துவிட்டு வரலாம்.

நான் ஏமாந்தது எப்படி என்றால், விளம்பரத்தில் "இலவச ஆலோசனை" பார்த்து ஒரு கிளினிக்குக்குப் போனேன். ஏசி, காபி, டிவியில் என் தலையை நூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டினார்கள். எவன் தலையை அப்படிப் பார்த்தாலும் பாலைவனமாகத்தான் தெரியும் என்பது அப்போது உறைக்கவில்லை. பேசியது டாக்டர் இல்லை, டை கட்டிய ஒரு பையன். "இன்னிக்கு கட்டினா 40 பர்சென்ட் ஆஃபர் சார், இ.எம்.ஐ. இருக்கு." எட்டு சிட்டிங் பேக்கேஜ். கட்டிவிட்டேன். டாக்டரை மூன்றாவது சிட்டிங்கில், அதுவும் கதவு இடுக்கில் பார்த்தேன். கொடுத்தது ஆவி பிடித்தல், ஏதோ லைட், ஒரு சீரம். பணம் திரும்ப வரவில்லை. அதனால் ஒரே விதி: "இன்னிக்கே கட்டணும்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது மாதப் போட்டோக்கள், கடந்த ஆறு மாதத்தில் வந்த காய்ச்சல், சாப்பிடும் எல்லா மாத்திரைகள், அப்பா-மாமா தலை நிலவரம், இவற்றைச் சொல்லுங்கள். பெண்கள் மாதவிடாய்க் கணக்கையும். தேவைப்பட்டால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் என்ற இரும்புச்சத்துக் கையிருப்பு, தைராய்டு, வைட்டமின் டி பார்க்கச் சொல்வார்கள். இங்கே ஒரு முக்கியமான விஷயம். முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமினை மாத்திரையாகவோ ஜெல்லி மிட்டாயாகவோ சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடமும் லேபிலும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அதிக அளவு பயோட்டின் தைராய்டு முடிவையும், மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் முடிவையும் தப்பாகக் காட்ட வைக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே எச்சரித்தது. போதாததற்கு, பயோட்டின் குறைபாடு என்பதே அபூர்வம். குறைபாடு இல்லாதவருக்கு அதனால் பெரிய லாபம் எதுவும் இல்லை.

நான்காம் படி: மருந்துகள்

இனிமேல் சொல்வது பரம்பரை வழுக்கைக்கு. நன்றாக நிரூபணமானவை இரண்டே இரண்டு, மினாக்சிடில், ஃபினாஸ்டரைடு. மற்றவை எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான்.

மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்து, அதையே தலைக்குத் தடவும் நீர்மமாக்கினார்கள். 1988-ல் அமெரிக்காவில் ஆண்களுக்கு அனுமதி கிடைத்தது. வழக்கமாக ஆண்களுக்கு 5%, பெண்களுக்கு 2% நீர்மமோ, நாளைக்கு ஒரே ஒரு தடவை 5% நுரையோ. நீர்மம் என்றால் ஒரு தடவைக்கு 1 மில்லி, நாளைக்கு இரண்டு தடவை. 60 மில்லி பாட்டில் சரியாக 30 நாள் வரும். இரண்டு மாதம் வந்தால் நீங்கள் சரியாகப் போடவில்லை என்று அர்த்தம்.

போடும் விதத்தில்தான் பாதி பேர் கோட்டை விடுகிறார்கள். தலை காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் இருக்கக் கூடாது. சீப்பால் வகிடு எடுத்து, டிராப்பர் நுனியைத் தோலில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, விரலால் பரப்புங்கள். முடியில் பட்டது வீண். அடுத்து நாலு மணி நேரம் தலையை நனைக்க வேண்டாம். ராத்திரி போடுவதாக இருந்தால் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தலையணைக்குப் போய் அங்கிருந்து கன்னத்துக்கு வரும், பெண்களுக்கு முகத்தில் பூனைமுடி வளர இது ஒரு காரணம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம், இந்த மருந்து பூனைகளுக்கு விஷம், உங்கள் தலையையோ தலையணையையோ நக்கினால்கூட ஆபத்து.

ஆரம்பித்த இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு ஆறு வாரம் வரை முன்னை விட அதிகமாகக் கொட்டலாம். எனக்குச் சீப்பைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஓய்வில் இருந்த பழைய முடிகளைத் தள்ளிவிட்டுப் புதியவை கிளம்புவதால் வருவது இது. இந்தக் கட்டத்தில் பயந்து நிறுத்திவிட்டு "மினாக்சிடில் போட்டேன், இருந்ததும் போச்சு" என்பவர்கள்தான் அதிகம். நாலு மாதம் வரை எதையும் எதிர்பார்க்காதீர்கள், ஒரு வருடத்தில்தான் முழு நிலவரம் தெரியும். நிறுத்தினால் மூன்று நாலு மாதத்தில் பழைய கதைக்குத் திரும்பும். அதாவது வாழ்நாள் சந்தா, இதை மனதில் வைத்து ஆரம்பியுங்கள். அரிப்பு, செதில் வந்தால் பெரும்பாலும் நீர்மத்தில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் காரணமாக இருக்கும், நுரைக்கு மாறினால் சரியாகலாம். இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் பயன்படுத்தக் கூடாது. இப்போது குறைந்த அளவு மினாக்சிடில் மாத்திரையும் டாக்டர்கள் எழுதுகிறார்கள். கால் வீக்கம், படபடப்பு, உடம்பில் முடி வரக்கூடும், மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடும் பொருள் இல்லை அது.

ஃபினாஸ்டரைடின் கதை சுவாரசியமானது. டொமினிகன் குடியரசில் ஒரு கிராமத்தில் சில ஆண்களுக்கு டி.ஹெச்.டி. உருவாக்கும் நொதி பிறவியிலேயே குறைவு என்று 1974-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்களுக்குப் பெரியவர்களான பிறகும் புராஸ்டேட் சின்னதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. அந்த நொதியை மருந்தால் தடுத்தால் என்ன என்று யோசித்ததில் வந்ததுதான் இது. 1992-ல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மி.கி., 1997-ல் வழுக்கைக்கு 1 மி.கி. என்று அனுமதி கிடைத்தது. மினாக்சிடில் முடியைத் தூண்டுகிறது, இது மெலிவதை வேரிலேயே தடுக்கிறது. மருந்து நிறுவனத்தின் சோதனையில் இரண்டு வருட முடிவில் மருந்து எடுத்தவர்களில் 83% பேருக்கு முடி எண்ணிக்கை குறையவில்லை, மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் அது 28% தான்.

சரி, பக்க விளைவு. இதைச் சொல்லாமல் விடும் டாக்டர் நல்ல டாக்டர் இல்லை. ஒரு சிறு பங்கு ஆண்களுக்குத் தாம்பத்திய ஆர்வம் குறைவது, விறைப்புக் குறைவது வரலாம். பெரும்பாலோருக்கு நிறுத்தினால் போய்விடும், சிலர் நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாகச் சொல்கிறார்கள். மனச்சோர்வும் உண்டு. ஐரோப்பிய மருந்து முகமை 2025-ல் தற்கொலை எண்ணத்தை இந்த மாத்திரையின் பக்க விளைவாக உறுதி செய்தது. ஏற்கெனவே மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தவர்கள் இதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது. கல்யாணமானவர்கள் மனைவியிடமும் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள், சுபாவம் மாறினால் நம்மை விட முன்னால் அவர்களுக்குத் தெரியும். கர்ப்பமாக இருக்கும், கர்ப்பமாகக்கூடிய பெண்கள் இதைச் சாப்பிடக் கூடாது, உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் கையால் தொடவும் கூடாது, ஆண் சிசுவைப் பாதிக்கும். காசை மிச்சம் பிடிக்க 5 மி.கி. மாத்திரையை நாலாக உடைக்கும் வழக்கம் உண்டு, வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தத் தூள்தான் பிரச்சினை. ரத்த தானம் செய்பவர்கள் நிறுத்தி ஒரு மாதமாவது காத்திருக்க வேண்டும். நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் புராஸ்டேட் புற்றுநோய்க்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது இதைச் சொல்லுங்கள், அந்த அளவை இது பாதியாகக் குறைத்துக் காட்டும்.

நான் எடுக்கிறேன், எனக்கு எதுவும் வரவில்லை. அதனால் உங்களுக்கும் வராது என்று நான் சொல்ல முடியாது. வேண்டாம் என்று முடிவு செய்து மினாக்சிடில் மட்டும் போடுகிற நண்பன் இருக்கிறான், அதுவும் நியாயமான முடிவுதான்.

ஃபினாஸ்டரைடை விட வலுவான டூட்டாஸ்டரைடு என்ற மருந்து தென்கொரியாவிலும் ஜப்பானிலும் வழுக்கைக்கு அனுமதி பெற்றது, டாக்டர் சொன்னால் மட்டும். பெண்களுக்குச் சில சமயம் ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரை எழுதுவார்கள். பொடுகு இருந்தால் கீட்டோகொனசோல் ஷாம்பு.

எண்ணெய், கீரை, தண்ணீர்

தேங்காய் எண்ணெய் முடித்தண்டின் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது, முடி உடையாமல் இருக்க உதவும். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் அப்படித்தான், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நானும் விடவில்லை. ஆனால் எண்ணெய் தடவி வழுக்கை நின்றதற்கு ஆதாரம் இல்லை. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், உடைக்கும், வழுக்கையாக்காது. ஹெல்மெட்டும் காரணம் இல்லை, தயவுசெய்து போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். சாப்பாட்டில் முட்டை, பருப்பு, முருங்கைக்கீரை, சுண்டல் என்று புரதமும் இரும்பும் வேண்டும், ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இது ரொம்பவே முக்கியம்.

இடுப்பு வரை முடி வைத்த அக்காக்களைக் காட்டி விற்கும் காட்டு மூலிகை எண்ணெய் விளம்பரங்களைப் பற்றி ஒன்று மட்டும். நம் நாட்டு மருந்து விதிகளில் "அட்டவணை ஜே" என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ளவற்றைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது. வழுக்கையும், புது முடி வளர்வதும் அந்தப் பட்டியலில் உண்டு. "100% கியாரண்டி" என்று கூவுகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஊசியும் லைட்டும்

பி.ஆர்.பி. என்பது உங்கள் கையிலிருந்து ரத்தம் எடுத்து, சுற்றிப் பிரித்து, பிளேட்லெட் நிறைந்த பகுதியைத் தலையில் ஊசியாகப் போடுவது. மாதம் ஒன்றாக மூன்று நாலு தடவை, அப்புறம் அவ்வப்போது. சிலருக்குக் கொஞ்சம் அடர்த்தி கூடுகிறது, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தயாரிப்பதில்லை என்பதால் முடிவும் ஒரே மாதிரி இல்லை. மருந்தோடு கூடுதலாக என்றால் யோசிக்கலாம், மருந்துக்குப் பதிலாக என்றால் பணம் வீண். தலையில் லைட் அடிக்கும் லேசர் தொப்பியும் ஏறக்குறைய அதே கதை.

ஆறாம் படி: முடி மாற்று அறுவை

பிடரியில் உள்ள முடிக்கு டி.ஹெச்.டி. பயம் இல்லை. அதைப் பிடுங்கி நெற்றியில் நட்டாலும் அந்தக் குணத்தோடேயே இருக்கும் என்று 1950-களில் நியூயார்க்கில் ஆரென்ட்ரைக் என்ற தோல் டாக்டர் காட்டினார். மொத்த அறுவையும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. பிடரியில் ஒரு பட்டையாகத் தோலை எடுத்துப் பிரிப்பது எஃப்.யூ.டி., கோடு போல் தழும்பு இருக்கும். ஒவ்வொரு குழியாகத் தோண்டி எடுப்பது எஃப்.யூ.இ., புள்ளி புள்ளியாகத் தழும்பு, ஒட்ட வெட்டினால்தான் தெரியும். இப்படி எடுத்து நடும் ஒவ்வொரு சின்னக் கொத்தும் ஒரு கிராஃப்ட், அதில் ஒன்றிலிருந்து நாலு முடி வரை.

புதிதாக யாரும் முடி உருவாக்குவதில்லை, பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் மாற்றுகிறார்கள், அவ்வளவுதான். பிடரிக் கையிருப்பு ஆயுளுக்கும் ஒரே ஒரு தடவை கிடைக்கும் சேமிப்பு. 21 வயதில் அதை நெற்றிக்கு அள்ளிக் கொட்டிவிட்டு 35-ல் உச்சி காலியானால், நடுவில் தீவு மாதிரி நட்ட முடி மட்டும் நிற்கும். அதனால் இளவயதில் அவசரப்பட வேண்டாம், ஒரு வருடமாவது மருந்து போட்டு நிலைமை நின்ற பிறகு யோசியுங்கள். நட்ட பிறகும் மருந்து தொடர வேண்டும், ஏனென்றால் பக்கத்தில் இருக்கும் பழைய முடி கொட்டுவதை அறுவை நிறுத்தாது.

விலை கிராஃப்ட் கணக்கில் சொல்வார்கள். ஒன்று 40 ரூபாய் என்று வைத்தால் 2,500 கிராஃப்டுக்கு ஒரு லட்சம். விலையை விட யார் கத்தி பிடிக்கிறார்கள் என்று கேளுங்கள். மரத்துப்போக ஊசி, பல மணி நேரம் நீளும் வேலை, மருந்து அளவு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. 2016-ல் சென்னையில் இந்தச் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவர் இறந்தே போனார். தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், யூடியூபும் பட்டறையும் பார்த்ததை வைத்து முடி மாற்று செய்யத் தகுதி வராது என்று எழுத வேண்டிய அளவுக்கு நிலைமை இருந்தது. ஆகவே கேட்க வேண்டியவை: செய்யப்போகும் டாக்டர் பேர், பதிவு எண், படிப்பு என்ன, துளை போடுவது அவரா டெக்னீஷியனா, அவசரத்துக்கு ஆக்சிஜனும் ஆளும் இருக்கிறதா, அவர் ஒரு வருடத்துக்கு முன் செய்த ஆளை நேரில் பார்க்க முடியுமா. பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடை.

நட்ட முடி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டிவிடும், பயப்பட வேண்டாம், குழி உள்ளேதான் இருக்கிறது. மூன்று நாலு மாதத்தில் துளிர்க்கும், ஒரு வருடத்தில் முழுசாகத் தெரியும். முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது போய் நிற்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளவும், மணமேடையில் சிவந்த தலையோடு உட்கார வேண்டியிருக்கும்.

எதுவும் வேண்டாம் என்றால்

அதுவும் வழிதான். உச்சி லேசாக மட்டும் இருந்தால் தூவிக்கொள்ளும் கெரட்டின் தூள் கிடைக்கிறது, விசேஷத்துக்கு நன்றாகவே மறைக்கும், மழையில் நனையாத வரை. ஒட்டும் ஹேர் பேட்ச் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் சில வாரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து ஒட்ட வேண்டும், நம் ஊர் வியர்வையில் அது தனி வேலை, பசை ஒத்துக்கொள்ளுமா என்று காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவி இரண்டு நாள் பாருங்கள்.

என் பெரியப்பா மகன் எல்லாம் யோசித்துவிட்டு டிரிம்மர் வாங்கினான். நாலு நாளைக்கு ஒரு தடவை ஜீரோ, தாடியைக் கொஞ்சம் விட்டுவிட்டான், பொருத்தமாக இருக்கிறது. டிரிம்மர் வாங்குவதாக இருந்தால் சார்ஜ் தீர்ந்தாலும் ஒயரோடு ஓடுவதாகப் பார்த்து வாங்கச் சொல்கிறான், பாதித் தலையில் நின்று போன அனுபவம் அவனுக்கு உண்டு. அப்புறம் மொட்டை மண்டைக்கு வெயில் நேராக அடிக்கும், சன்ஸ்கிரீனோ தொப்பியோ இல்லாமல் மதியத்தில் இறங்க வேண்டாம் என்றும்.